நூற்றெட்டில் குடியிருந்த இருவர்

புதிதாக நம் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே,

நெட்வொர்க்கின் அடிப்படைச் சொற்களை எளிமையாக எழுதிக் கொடுங்கள் என்று ஓசூர் அலுவலகத்திலிருந்து போன் செய்தார்கள். ஓய்வு பெற்றவனை நிம்மதியாக இருக்க விடமாட்டார்கள் போலிருக்கிறது. சரியென்று உட்கார்ந்து ஐபி முகவரி, சுவிட்ச், ரவுட்டர், பிங் என்று வரிசையாகப் போட்டு, எதிரே இரண்டிரண்டு வரி விளக்கமும் எழுதினேன். பாதியில் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கே இந்தக் கதி என்றால் படிக்கிற நீங்கள் என்ன ஆவீர்கள்? அதனால் அதை ஓரம் கட்டிவிட்டு, ஒரு டிரெய்லர் மாங்காயின் கதையைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

கதையில் முக்கியமானவர் எங்கள் தளிக்காரம்மா. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். என்னைவிட வயதில் மிகவும் இளையவர், ஆனால் எனக்கு மேலதிகாரியாக வந்தவர். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை மேடம் என்பேன். வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் தெலுங்கு என்று வளர்ந்தவர். பேசிக்கொண்டே இருக்கும்போது எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குத் தாவினார் என்று நமக்கே தெரியாது. நான் முன்கோபி. வாடிக்கையாளர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அந்தம்மாவோ ஐந்தாம் முறை கேட்டாலும் முதல் முறை கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். அந்த முகத்தை நான் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை.

மாம்பழ சீசன், ஒரு வெள்ளிக்கிழமை. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையிலிருந்து போன் வந்தது. பேசியவர் அங்கே மானேஜர். "சர்வர் செத்துடுச்சு, உடனே வாங்க" என்றார். போகும் வழியில் தளிக்காரம்மா என்னிடம், "சர்வர் செத்துப் போச்சுன்னு சொல்றாரு, ஆனா பின்னாடி மிஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு பாத்தீங்களாண்ணா?" என்றார். எனக்கு மானேஜர் போட்ட சத்தம் மட்டும்தான் கேட்டிருந்தது.

ஆலை வாசலில் லாரிகளும் டிராக்டர்களும் நெடுஞ்சாலைவரை நின்றன. உச்சி வெயில். உள்ளே நுழைந்ததும் வண்டியோடு ஏற்றி எடை பார்க்கும் வே பிரிட்ஜ். அதன் மேல் ஒரு டிராக்டர், பின்னால் டிரெய்லர் நிறைய மாங்காய். டிரெய்லரின் பக்கத்தில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓர் அம்மாள் நின்றிருந்தார். பெயர் முனிரத்தினம்மா என்று பிறகு தெரிந்துகொண்டோம். முந்தின நாள் மாலை அடித்த காற்றிலும் மழையிலும் அவர் தோப்பில் பாதிக் காய் உதிர்ந்துவிட்டது. கீழே விழுந்த காய்க்கு ஆயுசு குறைவு என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அடிபட்ட இடம் கறுத்துவிட்டால் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். அந்த ஆலையில் உதிர்ந்த காயை, அன்று மாலை ஷிப்டு முடிவதற்குள் உள்ளே வந்தால் மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு மரத்தில் பறித்த காய்தான். அவர் அந்த வருஷம் முழுக்கப் பாடுபட்டதில் பாதி அந்த டிரெய்லரில் இருந்தது.

இப்போது வே பிரிட்ஜ் அறைக்குள் வாருங்கள். அங்கே சிவப்பு எண்களில் எடை காட்டும் ஒரு பெட்டி. பக்கத்து மேசையில் ஒரு கணினி. எடைச் சீட்டு போடும் பெண் நஸ்ரீன் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். வண்டி ஏறியதும் கணினி அந்தப் பெட்டியிடம் எடையைக் கேட்கும், பெட்டி சொல்லும், கணினி அதைத் தோட்டக்காரர் பெயரோடு சேர்த்து சர்வரில் எழுதிவிட்டுச் சீட்டு அடிக்கும். சர்வர் என்பது எல்லாருடைய பதிவையும் ஒரே இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்பவருக்குக் கேட்டதைக் கொடுக்கும் கணினி. இப்படிப் பெட்டியும் கணினியும் சர்வரும் பிரிண்டரும் கம்பி வழியாகத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாடுதான் நெட்வொர்க். அந்தக் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பல துளைப் பெட்டி சுவிட்ச். யாருக்கு வந்த செய்தியோ அவருக்கு மட்டும் தள்ளிவிடுவது அதன் வேலை.

அன்றைக்குப் பெட்டியில் எடை பளிச்சென்று தெரிந்தது. வெளியே நின்ற டிரைவர்கள்கூட ஜன்னல் வழியாக அதைப் படித்தார்கள். கணினியில் மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரம் வரும், போய்விடும்.

"இந்தா, கண்ணுக்கு முன்னாடி எடை எரியுது. இத பாத்து கையால எழுதிக் குடுத்தா ஆவாதா?" என்று ஒரு டிரைவர் ஜன்னலில் தட்டினார்.

"ஆவாதுங்க. இது வெளிநாட்டுக்குப் போற சரக்கு. எந்தத் தோட்டத்துக் காயின்னு சிஸ்டத்துல ஏறணும்" என்றார் நஸ்ரீன். காலையிலிருந்து அதையே சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போயிருந்தது. அதைவிட மோசம் ஒன்று நடந்திருந்தது. முந்தைய வண்டிக்குச் சீட்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே இணைப்பு போய், எடை ஏறி, தோட்டத்தின் பெயர் ஏறாமல் பதிவு பாதியில் நின்றுவிட்டது. எந்தத் தோட்டம் என்று தெரியாத சரக்கை எடுக்க முடியாதென்று அந்த லாரியை ஓரம் கட்டிவிட்டார்கள். முனிரத்தினம்மாவின் கண் அந்த லாரியை விட்டு அகலவில்லை.

மானேஜர் எங்களைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார். தென்மாவட்டத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு அவர் தலையில் வெயிலும் ஏறியிருந்தது. "என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கீங்க? சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. போன வருசம் அப்படித்தான சரியாச்சு!"

நானாக இருந்தால் ஓடிப்போய் அணைத்திருப்பேன். ஆலை மானேஜரே சொல்கிறார், வெளியே நூறு பேர் கத்துகிறார்கள், கைக்கு எட்டும் தூரத்தில் பொத்தான். அந்த நேரத்தில் எதையாவது அழுத்தினால்தான் நாம் வேலை செய்கிறோம் என்று நமக்கே நம்பிக்கை வரும். தளிக்காரம்மா, "உள்ள கூழ் காய்ச்சிக்கிட்டு இருக்காங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றார் மானேஜர். "அந்த லைனும் இதே சர்வர்லதான பதிவாவுது? இத நிறுத்தினா அதுவும் நின்னுடும். ஓடிக்கிட்டு இருக்கறத நான் நிறுத்தமாட்டேன் சார். கொஞ்சம் பொறுங்க." குரல் உயரவே இல்லை. ஆனால் அதற்குமேல் மானேஜரால் அந்தப் பேச்சை எடுக்க முடியவில்லை.

பிறகு எல்லாரையும் பார்த்து, "காலையில நெட்வொர்க்ல புதுசா எதாச்சும் மாட்டினீங்களா?" என்றார்.

"இல்லையே" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். "நெட்டு நல்லாத்தான் வருதுங்க மேடம், போன்ல படமே ஓடுது" என்று ஒருவர் போனைத் தூக்கிக் காட்டினார். பிள்ளைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் நெட்டு என்றால் இன்டர்நெட், அதாவது உலகத்தில் இருக்கும் நெட்வொர்க்குகள் எல்லாம் கோத்துக்கொண்ட பெரிய நெட்வொர்க். ஆலைக்குள் ஓடுவது உள்வீட்டுப் பேச்சு. உள்ளேயிருக்கும் செய்தியை வெளியே அனுப்பவும் வெளியிலிருந்து வருவதை உள்ளே வாங்கவும் வாசலில் நிற்கும் பெட்டி ரவுட்டர். வாசல் திறந்திருப்பதால் வீட்டுக்குள் சண்டையில்லை என்று ஆகிவிடுமா?

அடுத்து பிங். கணினியிலிருந்து ஒரு முகவரிக்கு 'இருக்கிறாயா?' என்று ஒரு சின்னக் குரல் கொடுப்போம். அந்தப் பக்கம் உயிரோடு இருந்தால் 'இருக்கிறேன்' என்று பதில் வரும். முகவரி என்பதுதான் ஐபி முகவரி. நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பெரும்பாலும் ரவுட்டரே ஆளுக்கொன்றாகப் பார்த்துப் பங்கிட்டுவிடும், அந்த ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். எடைப் பெட்டி மாதிரி எப்போதும் ஒரே இடத்தில் தேட வேண்டியவற்றுக்கு மட்டும் நாமே கையால் ஒரு நிலையான எண்ணைப் போட்டு வைப்போம். இந்த எடைப் பெட்டியின் எண் நூற்றெட்டில் முடிந்தது. நஸ்ரீனின் கணினியிலிருந்து நூற்றெட்டுக்குக் குரல் கொடுத்தேன். பதில் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

அந்த நேரம் பார்த்துத் திரையில் எடை வந்துவிட்டது! "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று ஜன்னலில் ஒரே கூச்சல். நஸ்ரீன் விசையை அழுத்தக் கையைத் தூக்கினார்.

"அழுத்தாதம்மா" என்றார் தளிக்காரம்மா. "அண்ணா, எடைப் பெட்டியோட கம்பியப் புடுங்குங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து எதற்காகக் காத்துக் கிடந்தார்களோ அது இப்போதுதான் வந்திருக்கிறது, அதைப் போய்ப் பிடுங்கச் சொல்கிறாரே! மானேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட வசவுகளை இங்கே எழுத முடியாது. தளிக்காரம்மா அறையை விட்டு வெளியே போய், நேராக முனிரத்தினம்மாவின் எதிரே நின்றார்.

"அம்மா, எடை வந்துருக்குது. ஆனா யாரும் கைய வைக்காமலேயே போவுது, கைய வைக்காமலேயே வருது. சீட்டு பாதியில நின்னா, உங்க வண்டியும் அந்த லாரி பக்கத்துல போயி நிக்கணும். ஒரு நிமிஷம் குடுத்தீங்கன்னா காரணத்த கண்டுபுடிக்கறேன். குடுப்பீங்களா?"

மொத்த ஆலையிலும் அந்த அம்மாளிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். காய் அவருடையது, போனால் அவருக்குத்தான் போகும், ஆகவே அந்த ஒரு நிமிஷமும் அவருடையது. முனிரத்தினம்மா ஓரமாக நின்ற லாரியைப் பார்த்தார். தளிக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தார். "சேயம்மா" என்றார். செய் என்று தெலுங்கில் சொன்னது அத்தனை பேருக்கும் புரிந்தது. கூச்சல் அடங்கிவிட்டது.

நான் கம்பியைப் பிடுங்கினேன்.

"இப்ப நூத்தெட்டுக்கு பிங் குடுங்கண்ணா."

கொடுத்தேன். பதில் இல்லை. பிடுங்கிப் போட்டவனிடமிருந்து எப்படிப் பதில் வரும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். அதற்குள் திரையில், 'இருக்கிறேன்.' அடுத்து, 'இருக்கிறேன்.' அதற்கும் அடுத்து, 'இருக்கிறேன்.' கம்பி என் கையில் தொங்குகிறது! பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து யாரோ குரல் கொடுத்த மாதிரி எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தளிக்காரம்மாவோ அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

"இன்னொருத்தரு இருக்காரு" என்றார்.

ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேருக்கு ஒரே ஐபி முகவரி இருந்தால் இதுதான் நடக்கும். கணினி நூற்றெட்டைக் கூப்பிடும்போது சில நேரம் எடைப் பெட்டி பதில் சொல்கிறது, சில நேரம் மற்றவன் சொல்கிறான். மற்றவனுக்கு எடையைப் பற்றி என்ன தெரியும்? அவன் முழிக்கிறான், கணினியும் முழிக்கிறது. யார் அந்த மற்றவன் என்பதுதான் கேள்வி. சுவிட்சைத் திறந்து எந்தத் துளை என்று தேடலாம், நமக்கு வழி தெரியும். ஆனால் அந்த ஆலையில் சுவிட்சுகள் கூரைக்கு மேலெல்லாம் இருந்தன, ஏணி வைத்து ஒவ்வொன்றாகத் தேடினால் மாலை ஷிப்டு முடிந்துவிடும். வெளியே நிற்பது உதிர்ந்த காய்.

தளிக்காரம்மா எடைப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. நம் பக்கத்தில் பொட்டு வைக்காமல் எந்த மிஷினை ஓட்டியிருக்கிறோம்? அவர் சட்டென்று நஸ்ரீனிடம் திரும்பினார்.

"ஏம்மா, இன்னைக்கு இங்க புதுசா எதுக்காச்சும் பொட்டு வச்சாங்களா?"

"ஆமா மேடம்!" என்றார் நஸ்ரீன். "காலையில மானேஜர் சார் ரூம்ல தேங்கா ஒடச்சாங்க. புது கேமராவுக்குப் பூஜை. எனக்குக்கூட சக்கரப் பொங்கல் குடுத்தனுப்புனாங்க."

கொஞ்ச நேரம் முன்னால் இதே அறையில் இதே ஆட்கள், புதிதாக எதையும் மாட்டவில்லை என்று சொன்னவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குக் கேமரா கேமராதான், அது நெட்வொர்க் என்று யார் சொன்னார்கள்? நம் சொல்லில் கேட்டபோது கிடைக்காத பதில், அவர்கள் சொல்லில் கேட்டதும் பொங்கலோடு வந்து விழுந்தது. எத்தனையோ ஆலைகளுக்குப் போயிருக்கிறேன், எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு ஈடாக இன்னொன்றை நான் கேட்டதில்லை.

மானேஜர் அறைக்கு ஓடினோம். கேமராக்களின் படத்தைச் சேமிக்கும் ரெக்கார்டர் பெட்டி, மல்லிகைச் சரம் சுற்றி, ஈரம் காயாத குங்குமத்தோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"மாட்ட வந்தவரு கடைசி எண் என்ன வைக்கட்டும்னு கேட்டாரா சார்?" என்றார் தளிக்காரம்மா.

"கேட்டாரு. நூத்தெட்டு வைன்னேன்" என்றார் மானேஜர். "நல்ல நம்பர்லா? வே பிரிட்ஜ் வந்தப்பவும் நான்தான்…" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் என்னைப் பார்த்தது, தளிக்காரம்மாவைப் பார்த்தது, பிறகு தரையைப் பார்த்தது.

என் நாக்கு நுனியில் நாலு வார்த்தை தயாராக இருந்தது. வந்ததிலிருந்து நம்மை விரட்டிய மனிதர் வசமாக மாட்டியிருக்கிறார், விடலாமா? தளிக்காரம்மா என்னைப் பேசவிடவில்லை.

"நல்ல நம்பர்தான் சார். அதனாலதான் ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு" என்றார். "வே பிரிட்ஜ் பழைய ஆளு, அவரே வச்சுக்கட்டும். கேமராவுக்கு நூத்திப் பதினேழு குடுத்துடலாமா? அதுவும் கூட்டினா ஒம்பதுதான்."

மானேஜர் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. நூற்றுப் பதினேழு காலியாக இருக்கிறதா என்று ஒரு பிங் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தளிக்காரம்மா எண்ணை மாற்றினார். அந்த மனிதரின் நம்பிக்கையும் கெடவில்லை, கௌரவமும் கெடவில்லை, நெட்வொர்க்கும் சரியாகிவிட்டது. இந்த மூன்றையும் ஒரே எண்ணில் முடித்தவரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

திரும்பி வந்து கம்பியை மாட்டினேன். எடை வந்தது. போகவில்லை. நஸ்ரீன் பிஸ்மில்லா என்று முணுமுணுத்துக்கொண்டே விசையை அழுத்தினார். தோட்டத்தின் பெயரோடு சீட்டு முழுசாக வந்து விழுந்தது. ஓரமாக நின்ற லாரியின் பாதிப் பதிவையும் நீக்கிவிட்டு, அதை மறுபடி எடைக்கு ஏற்ற வழி செய்தார் தளிக்காரம்மா.

முனிரத்தினம்மா சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். ஆனால் நகரவில்லை. "என்னாம்மா ஆச்சு அதுக்கு?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன், ஐபி என்று தொடங்கப் போனேன். தளிக்காரம்மா முந்திக்கொண்டார். "ரெண்டு பேரு ஒரே நம்பரு வீட்டுல குடி இருந்தாங்கம்மா. உங்க காயோட எடையக் கேட்டா, ஒரு நேரம் இவரு பதில் சொன்னாரு, ஒரு நேரம் அவரு குறுக்க வந்தாரு."

முனிரத்தினம்மா யோசித்தார். "செரி, அப்பறம் யாரு விட்டுக்குடுத்தது?"

"புதுசா வந்தவரும்மா. கேமரா." வாசல் தூணில் மாட்டியிருந்த கேமராவைக் கை காட்டினார்.

"அதான் மொற" என்று சொல்லிவிட்டு முனிரத்தினம்மா வண்டியோடு உள்ளே போனார்.

வேலை முடிந்து மானேஜர் அறையில் உட்கார்ந்தோம். மிச்சமிருந்த பொங்கலும் டீயும் வந்தன. ரெக்கார்டர் திரையில் வாசல் தெளிவாகத் தெரிந்தது. காயை இறக்கிவிட்டு அந்த டிராக்டர் காலி டிரெய்லரோடு வெளியே வந்தது. தூணுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றது. முனிரத்தினம்மா இறங்கினார். தலையிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, அண்ணாந்து பார்த்து, இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டார். பிறகு ஏறிப் போய்விட்டார்.

மானேஜர் நெகிழ்ந்துவிட்டார். "பாருங்க, நான் இங்க உக்காந்து பாக்கேன்னு தெரிஞ்சு கும்பிடுதாங்க."

"உங்களைக் கும்பிடல சார்" என்றார் தளிக்காரம்மா, பொங்கலை வழித்துக்கொண்டே. "கேமராவ. விட்டுக்குடுத்தது அதுதானே."

மானேஜர் டீயை வைத்துவிட்டு எழுந்தார், ரெக்கார்டர் பெட்டியில் சரிந்திருந்த மல்லிகைச் சரத்தை நேராக எடுத்து வைத்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.